முனியசாமி சூலமும் நீச்சல்குளத்து மோட்டாரும்

சாயல்குடிப் பக்கத்து எலக்ட்ரீசியன்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் என்னை நீக்காமல் வைத்திருப்பது மரியாதைக்காக என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் அதில் ஒரு தம்பி வீடியோ போட்டான். மோட்டார் போட்டால் இ.எல்.சி.பி. என்ற பாதுகாப்புப் பெட்டி ட்ரிப் ஆகி கரண்டை நிறுத்திவிடுகிறதா, கவலையே வேண்டாம், ஒரு சாண் வயர் போதும் என்று சொல்லி, அந்தப் பெட்டியின் மேல்பக்கத்தையும் கீழ்பக்கத்தையும் நேராக இணைத்துக் காட்டினான். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நான் 'இது கொலை' என்று எழுதினேன். 'அண்ணே, உங்க காலம் வேற. இப்பல்லாம் கஸ்டமருக்குத் தண்ணி வரணும்' என்று பதில் வந்தது. அதற்கும் கட்டைவிரல்கள்.

சரி, என் காலம் எது என்று சொல்லிவிடுகிறேன். பிடித்தால் படியுங்கள், பிடிக்காவிட்டால் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிடுங்கள். எழுதியதை நான் அழிக்கப்போவதில்லை.

கடலாடிக்கு மேற்கே எங்களுக்கு மானாவாரி மிளகாய்க் காடு. மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் கருவேல மரம். அய்யாவுக்கு நான் காட்டில் நிற்க வேண்டும் என்று ஆசை. எனக்கு கரண்ட் பிடித்துவிட்டது. ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்து முடித்ததும் கடற்கரையோரம் ஒரு சின்ன தனியார் உப்பளத்தில் சேர்ந்தேன். பதினோரு வருடம் அங்கே. இரண்டு உப்புநீர் பம்புகளும் நானும்.

அங்கே நான் செய்த ஒரு கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. கரண்ட் ஒரு கம்பியில் போய் இன்னொரு கம்பியில் திரும்ப வேண்டும். உப்பளத்து மண்ணுக்கு அந்த இரண்டாவது கம்பி தேவையில்லை. உப்புநீர் ஊறிய மண்ணில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து இறக்கி, பல்பின் ஒரு முனையை அதில் கட்டிவிட்டால், மண்ணே கரண்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். பாதி வயர் மிச்சம். 'ஒத்தக்கம்பி விளக்கு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பாத்திக்குப் பாத்தி எரிந்தது. அக்கம்பக்கத்து அளங்களிலிருந்து வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு நாள் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே இடம் மாற்றுவதற்காகக் கம்பியைப் பிடுங்கினேன். மண்ணை விட்டு அது வெளியே வந்ததும், மண்ணுக்குப் போக வேண்டிய கரண்ட் என் வழியாகப் போனது. கையை விரிக்க முடியவில்லை. கத்தவும் வரவில்லை. கால் வழுக்கிப் பாத்திக்குள் விழுந்தபோது கம்பி கையிலிருந்து தெறித்ததால் பிழைத்தேன். அன்றைக்கே எல்லாக் கம்பிகளையும் பிடுங்கிப்போட்டேன். ஆனால் பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து எப்படிப் பிடுங்குவது?

அளத்தை மூடிய பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு தங்கும் விடுதியில் எலக்ட்ரீசியனாகச் சேர்ந்தேன். ராமேஸ்வரம் போய்த் திரும்புகிற வசதியானவர்கள் இரண்டு நாள் தங்கும் இடம். இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் குளித்துவிட்டு வந்து எங்கள் நீச்சல்குளத்தில் மறுபடியும் குளிப்பார்கள். இருபத்து மூன்றாவது தீர்த்தம் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

அங்கே எனக்கு மேலதிகாரி மேனேஜர் தினகரன் சார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. வாயில் எப்போதும் ஏலக்காய். முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டுவரை போட்டிருப்பார். தப்பான வேலை ஒன்றைச் செய்யச் சொல்லப் போகிறார் என்றால் முதலில் டீ வரும். "நம்ம முருகேசன் இருக்கும்போது என்ன கவலை" என்பார். பிறகு பேனா மூடியைக் கழற்றுவார், மாட்டுவார், மறுபடியும் கழற்றுவார். எழுத மட்டும் மாட்டார். "ஏதோ பாத்துச் செஞ்சிருங்க" என்று வாக்கியத்தை அந்தரத்தில் விட்டுவிடுவார். காரியம் முடிந்தால் அது அவர் சொன்னது. கெட்டுப்போனால் அவர் எதுவுமே சொல்லவில்லை. அவர் அறையில் குடித்த டீயை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

தண்ணீரைச் சுற்றவிட்டுச் சுத்தம் செய்யும் நீச்சல்குளத்து மோட்டார் பல வருடங்களாக எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் விடாமல் நச்சரித்து அதற்கு ஓர் இ.எல்.சி.பி. வாங்க வைத்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒரு காவல்காரப் பெட்டி. ஒரு கம்பியில் போன கரண்ட் அத்தனையும் மற்ற கம்பியில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும், எங்கேயோ மண்ணுக்கோ மனிதனுக்கோ கசிகிறது என்று அர்த்தம். கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும்.

பெட்டி மாட்டிய முதல் வாரமே தொல்லை ஆரம்பித்தது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் திடீரென்று நிற்கும். போய்ப் பார்த்தால் ட்ரிப் ஆகியிருக்கும். பெட்டியின் விசையைத் தூக்கிவிட்டால் சில நேரம் அப்படியே தங்கும், சில நேரம் மறுபடி விழும். பிறகு மூன்று நாள் ஒன்றுமே நடக்காது.

செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்தேன். மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, சுருளுக்கும் உடம்புக்கும் நடுவே கசிவை அளக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்தேன். புது மோட்டார்போல அளவு காட்டியது. கேபிளைத் தனியாகச் சோதித்தேன். நன்றாக இருந்தது. டெர்மினல் பெட்டிக்குள் ஈரம் இருக்குமோ என்று திறந்து, துடைத்து, ரப்பர் வளையத்தை மாற்றினேன். எர்த் கம்பி துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது, அதையும் புதிதாகப் போட்டேன். இ.எல்.சி.பி.யையே சந்தேகப்பட்டு வேறொன்றை மாட்டினேன். அதுவும் விழுந்தது. சோதித்த போதெல்லாம் பகல். விழுந்த போதெல்லாம் பொழுது சாயும் நேரம். கடைசியில் விழுந்த நாட்களை நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு மாதத்துப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. செவ்வாய், வெள்ளி. செவ்வாய், வெள்ளி.

நோட்டைப் பார்க்காமலே மற்றவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டிருந்தார்கள். குளம் வெட்டிய இடத்தில் முன்பு முனியசாமி பீடம் இருந்தது. விடுதி கட்டும்போது அதைப் பெயர்த்து சவுக்குத் தோப்புக்குள் மணல்மேட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். ஒரு கல், ஓர் இரும்புச் சூலம். சாமிக்கு அந்தக் கோபம் என்றார்கள். அறை துப்புரவு செய்யும் பாண்டியம்மாள் என்னிடம் நேராகவே சொன்னாள்.

"அண்ணே, அந்தப் பொட்டி வந்ததுல இருந்துதான் சாமி முகம் குடுக்க மாட்டேங்குது. அதக் கழட்டிப் போடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சாமிக்கும் பொட்டிக்கும் என்ன தாயி சண்டை?"

"இருக்குண்ணே. ஒங்களுக்குச் சொன்னா வெளங்காது."

அவளுக்கு ஏழு வயதில் கார்த்திகா என்று ஒரு பெண் குழந்தை. வலிப்பு வரும். அந்தக் கவலையிலேயே அவள் முகம் எப்போதும் காய்ந்து கிடக்கும். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு டீ வந்தது. மறுநாள் குளத்தங்கரையில் ஒரு பெரிய இடத்துக் கல்யாண வரவேற்பு. மூன்று நாளாக மோட்டாரைப் பாதிநேரம் நிறுத்தி வைத்ததில் தண்ணீர் பச்சையடித்திருந்தது.

"முருகேசன், இத்தனை வருஷம் அந்தப் பெட்டி இல்லாமத்தானே ஓடுச்சு? மோட்டார் நல்லாருக்குன்னு நீங்களே சொல்றீங்க. கேபிளும் நல்லாருக்கு. அப்ப கோளாறு பெட்டியிலதானே? ரெண்டு நாளைக்குப் பெட்டிய விட்டுட்டு டைரக்ட் பண்ணிட்டு..."

வாக்கியம் அந்தரத்தில் நின்றது. பேனா மூடி கழன்றது, மாட்டியது.

"பெட்டி பொய் சொல்லாது சார். எங்கயோ கசியுது, எனக்கு இன்னும் அம்புடல. நாளைக்குக் குளத்துல பிள்ளைக எறங்கும்."

"நம்ம பாத்துக்கலாம் முருகேசன்."

"அப்ப அதையே நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அவர் சிரித்தார். டீ ஆறுகிறது என்றார். நான் குடிக்காமல் எழுந்து வந்தேன். நேராக மோட்டார் போர்டுக்குப் போனேன். பழைய போர்டு, ஃபியூஸ் கம்பி கட்டிய பீங்கான் கேரியர்கள். இரண்டையும் உருவினேன். லைனில் வேலை செய்கிறவன் ஃபியூஸ் கேரியரைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். அப்போதுதான் அவன் இல்லாமல் யாரும் கரண்ட் கொடுக்க முடியாது. இரண்டையும் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, 'ஆள் வேலை செய்கிறான், தொடாதே' என்ற அட்டையைப் போர்டில் மாட்டினேன்.

கருவி சொல்லாததைக் கால் சொல்லட்டும் என்று கேபிள் போகும் வழியிலேயே நடந்தேன். அங்கங்கே மண்ணைத் தோண்டிப் பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. போர்டிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிள் பாதி வழியில் சவுக்குத் தோப்பின் ஓரமாகத் திரும்புகிறது. அங்கே மண்ணுக்குள் ஓர் இணைப்புப் பெட்டி இருப்பது எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் இருந்தவன் வைத்தது, எந்த வரைபடத்திலும் இல்லை. பொழுது சாயும்போதுதான் அது மண்வெட்டியில் தட்டுப்பட்டது. மூடியைப் புதுக் கட்டுக்கம்பியால் கட்டியிருந்தார்கள்.

திறந்தேன். கேபிளின் கம்பிகளோடு கூடுதலாக ஒரு சிவப்பு வயர். கரண்ட் வரும் ஃபேஸ் கம்பியில் முறுக்கி விட்டிருந்தது. அது திரும்பிப் போகும் நியூட்ரலில் ஒன்றும் இல்லை. அந்த ஒற்றை வயர் தோட்டத்து ரப்பர் குழாய் ஒன்றுக்குள் நுழைந்து மணலுக்குள் போய்விட்டது.

ஒத்தக்கம்பி விளக்கு. பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்தது. நான் பெற்றுப்போட்ட பிள்ளை அல்லவா? இத்தனை வருடம் கழித்து, இந்தத் தோப்புக்குள் வந்து என்னை முறைத்துப் பார்த்தது.

உருவ வேண்டும் என்று கையை நீட்டினேன். ஃபியூஸ் என் பையில்தான் இருக்கிறது. ஆனாலும் டெஸ்டர் வைக்காமல் நான் எதையும் தொடுவதில்லை. வைத்தேன். டெஸ்டர் எரிந்தது.

அப்போதுதான் மோட்டார் ஓடும் சத்தம் காதில் விழுந்தது. நடந்தது பிறகுதான் தெரிந்தது: நான் மண்வெட்டியோடு தோப்பில் குனிந்து கிடந்த நேரத்தில் தினகரன் சார் ராமநாதபுரத்திலிருந்து வேறொரு ஆளை வரவழைத்துவிட்டார். என் அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, புதுக் கேரியர் போட்டு, இ.எல்.சி.பி.க்குக் குறுக்கே ஒரு சாண் வயர் கொடுத்திருந்தார்கள். காவல்காரன் கண்ணைக் கட்டியாகிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். இருபதடி தள்ளி, சூலத்துக்கு மேலே ஒரு குண்டு பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. பல்பிலிருந்து இறங்கிய வயர் சூலத்தின் இரும்பில் சுற்றியிருக்க, அதன்மேல் மஞ்சளும் சந்தனமும் பூசியிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் நின்றார்கள். தோட்டக்காரன் கூரிச்சாமி கையெடுத்துக் கும்பிட்டு நின்றான். பாண்டியம்மாள் செம்பிலிருந்து பாலைச் சூலத்தின்மேல் ஊற்றினாள். ஊற்ற ஊற்ற விளக்கு பிரகாசமானது. பெண்கள் குலவையிட்டார்கள்.

அளத்து மண் வேறு, காய்ந்த மணல்மேடு வேறு. உப்பு மண் கரண்டை உடனே விழுங்கிக்கொள்ளும். காய்ந்த மணல் விழுங்காது. சூலத்திலேயே கரண்ட் நிற்கும், அதனால்தான் விளக்கு மங்கல். பால் ஊற்றி மணல் நனைந்ததும் கொஞ்சம் இறங்கும், விளக்கு எழும். அதைத்தான் அவர்கள் சாமி முகம் கொடுப்பதாகக் கும்பிட்டார்கள். ஈர மணலில் வெறுங்காலோடு நின்று அந்தச் சூலத்தைப் பிடித்தால் கரண்ட் பிடித்தவர்கள் வழியாகவும் இறங்கும்.

பாண்டியம்மாள் மகளின் இரண்டு கைகளையும் பிடித்துச் சூலத்தை நோக்கிக் கொண்டுபோனாள். "ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சுக்க தாயி, விட்றாத" என்றாள்.

"தொடாதே!" என்று கத்தினேன். குலவைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஓடிப்போக நேரமில்லை. கட்டிங் பிளையரை எடுத்து, இணைப்புப் பெட்டிக்குள் கரண்டோடு இருந்த அந்தச் சிவப்பு வயரை ஒரே கடியாகக் கடித்துத் துண்டித்தேன். தோப்பு இருண்டது. குலவை நின்றது. குழந்தையின் கைகள் சூலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. வெறும் இரும்பு.

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். யார் முகத்திலும் நன்றி இல்லை.

கூரிச்சாமிதான் முதலில் பேசினான். வாலிநோக்கம் பக்கத்து அளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவன்.

"நாந்தாண்ணே இழுத்தேன். சாமிக்கு ஒரு லைட்டு குடுங்கன்னு மேனேஜர்ட்ட மூணு தடவ கேட்டேன், முடியாதுன்னுட்டாரு. இங்கன அடிக்கிற காத்துக்கு எண்ணெ வெளக்கு நிக்குமாண்ணே? அளத்துல இப்பிடித்தாண்ணே எரிப்போம். ஒரு வருசம் நல்லாத்தான் எரிஞ்சுச்சு. ஒங்க பொட்டி வந்ததுல இருந்து பல்ப மாட்டுன ஒடனே அணைஞ்சு போகும். சாமி வெளிச்சம் வேணாங்குதோன்னு பயந்துக்கிட்டே வெள்ளி செவ்வா மாட்டிப் பாப்பேன்."

"ஏலே, அந்தச் சூலத்தத் தொட்டா ஒண்ணும் செய்யலயா?"

"சுருக்குன்னு இருக்கும்ணே. அது சாமியில்ல? அதுக்குத்தான இம்புட்டுச் சனமும் வருது."

வெறும் சுருக்கோடு அந்த ஒரு வருடம் போனது எந்தச் சாமி புண்ணியமோ தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, காய்ந்த மணலில் நின்று ஒரு விரலால் தொட்டுவிட்டு விலகியிருப்பார்கள். ஒரு செம்புப் பாலும், காலடியில் நனைந்த மணலும், இரண்டு கைப் பிடியும் அன்றைக்குத்தான் ஒன்றாக வந்தன. பாண்டியம்மாளின் வேண்டுதல் அது.

தினகரன் சார் வந்து சேர்ந்தார். ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு, அப்போதும் மெதுவாகத்தான் கேட்டார்.

"யாரு முருகேசன் இந்த வயரை இழுத்தது? பேரைச் சொல்லுங்க. இன்னைக்கே வெளிய அனுப்பிருவோம்."

கூரிச்சாமி என் முகத்தைப் பார்த்தான். அவன் செய்தது பெரிய தப்பு. அதை அவனிடம் அவன் காது கூசும்படி பிறகு சொன்னேன். ஆனால் விளக்கு கேட்டு மூன்று முறை வாசலில் நின்றவனை விரட்டிவிட்டு, ஆள் வேலை செய்கிறான் என்ற அட்டையையும் கழற்றிப்போட்டவர் வந்து என்னிடம் பேர் கேட்கிறார். எழுந்தேன். அலுவலகத்துக்கு நடந்தேன். அவரும் பின்னால் வந்தார். பராமரிப்பு நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இ.எல்.சி.பி.ய டைரக்ட் பண்ணச் சொன்னது யாரு, அட்டையக் கழட்டுனது யாரு? முதல் வரியில அத நீங்க எழுதுங்க சார். அடுத்த வரியில வயர் இழுத்தவன் பேர நான் எழுதுறேன்."

அவர் பேனா மூடியைக் கழற்றினார். பிறகு மாட்டிக்கொண்டார். நோட்டின் அந்தப் பக்கம் கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது. கூரிச்சாமி இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறான்.

இ.எல்.சி.பி.க்குக் குறுக்கே கொடுத்த அந்த ஒரு சாண் வயரை என் கையாலேயே பிடுங்கினேன். மோட்டார் மறுநாள் முழுக்க, கல்யாணம் முடியும்வரை, ஒரு முறைகூட ட்ரிப் ஆகாமல் ஓடியது. அடுத்த வாரம் யாரையும் கேட்காமல் முனியசாமிக்கு முறையாக லைன் இழுத்தேன். இரண்டு கம்பி, எர்த், தனியாக ஒரு காவல் பெட்டி. சூலத்தை வயர் தொடவில்லை. அனுமதி வாங்கினாயா என்று தினகரன் சார் கேட்டார். நீங்கள் எழுதிக்கொடுத்தால் கழற்றிவிடுகிறேன் என்றேன். கழற்றச் சொல்லவில்லை. என்னைத் துணி வெளுக்கும் பகுதிக்கு மாற்றினார். இஸ்திரிப் பெட்டிகளுக்கு வயர் மாற்றிக்கொண்டே ஓய்வு பெற்றேன். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

ஆனால் புது விளக்கு பால் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் ஒரே மாதிரி எரிந்தது. சூலத்தைத் தொட்டால் சுருக்கென்று இல்லை. கூட்டம் குறைந்தது. பிறகு யாருமே வரவில்லை. அந்த மாதத்தில் கார்த்திகாவுக்கு இரண்டு முறை வலிப்பு வந்தது. பாண்டியம்மாள் துணிக்கூடையோடு நான் வேலை பார்க்கும் இடத்துக்கே வந்து நின்று சொன்னாள்.

"எம்பிள்ளைக்கு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் அத்துப்போட்டியே, நீ நல்லாருப்பியா?"

கரண்ட், மணல், பால் என்று எவ்வளவோ சொன்னேன். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, நானும் கூட வாரேன் என்றேன். காது கொடுக்கவில்லை. அதோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள். பிறகு வேறு யாரோ சொல்லிக் கூட்டிப்போய், மாத்திரை கொடுத்து, வலிப்பு அடங்கியது. அந்தப் பெருமை வேறொரு கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. போகட்டும். எனக்கு வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே வெள்ளிக்கிழமை மறுபடி வந்தால் மறுபடியும் வெட்டுவேன். ஊரே திரண்டு வந்து சபித்தாலும் வெட்டுவேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் சாயல்குடி பஸ் ஸ்டாண்டில் தாயையும் மகளையும் பார்த்தேன். கார்த்திகா காலேஜ் போகிறாள். பாண்டியம்மாள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண் மட்டும் கிட்டே வந்தாள்.

"மாமா, கூரி மாமா எல்லாம் சொன்னாரு. அன்னைக்கு லைட்டு எரியும்போதே நான் அதத் தொட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

மழுப்பலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. பத்து வருடத்துக்கு மேல் ஏச்சு வாங்கியவன் எதற்கு மழுப்ப வேண்டும்?

"செத்துப்போயிருப்ப தாயி. ஒன் கையப் பிடிச்சிருந்த ஒங்காத்தாளும் சேந்து போயிருப்பா."

அவள் தன் கைகளை ஒருமுறை பார்த்தாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பாண்டியம்மாளுக்கு நான் சொன்னது கேட்டிருக்கும். திரும்பவில்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது. கூட்டம் முண்டியடித்தது. கார்த்திகா படிக்கட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து முதல் ஆளாக ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, "யம்மோவ், இங்கன வா" என்று தாயைக் கூப்பிட்டாள்.